முதிய குதிரையின் நொண்டலும் குளம்பும்: செஞ்சியை முன்வைத்து ஓர் ஆய்வு

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி அடிவாரத்துக் கல்யாண மகாலைப் பார்க்க வருகிறவர்கள், அதை ஒட்டி வளைவு வளைவாகக் கட்டியிருக்கும் குதிரை லாயங்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மலையேறுகிறார்கள். 1677-இல் சிவாஜி, 1698-இல் மொகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் என்று கை மாறிக்கொண்டே இருந்த கோட்டை இது. யார் பிடித்தாலும் குதிரைகளுக்கு இடம் வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் காலத்து 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் ஏறியது செஞ்சி மட்டும்தான்.

ஊர் மக்களுக்கோ செஞ்சி என்றால் தேசிங்கு ராஜா. புந்தேலா ராஜபுத்திரனான தேஜ் சிங், 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி மாண்டவன். யாருக்கும் அடங்காத குதிரையை டெல்லியில் அடக்கிக் காட்டியவன் என்று கதைப்பாடல் அவனைக் கொண்டாடுகிறது. 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் வந்தது. அவன் குதிரையையும் நண்பன் மகமத்கானையும் அடக்கம் செய்த இடம் என்று நீலாம்பூண்டியில் இன்றும் காட்டுகிறார்கள்.

அந்தக் குதிரை போர்க்களத்தில் விழுந்தது. பிழைத்திருந்து இருபது வயதைத் தொட்டிருந்தால் அதன் கால் எப்படி இருந்திருக்கும், அதைத் தூக்கிப் பார்க்க யார் இருந்திருப்பார்கள் என்பதெல்லாம் கதைப்பாடலுக்குத் தேவைப்படவில்லை. இன்று சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களுக்கோ அதுதான் முதல் கேள்வி. நாட்டில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் வேகமாகக் குறைந்துவருகின்றன. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் ஆறேகால் லட்சமாக இருந்தவை 2019-இல் 3.4 லட்சமாகிவிட்டன. எஞ்சியிருப்பவற்றில் பந்தயத்திலிருந்து கழிக்கப்பட்டவை, ஆரோவில் போன்ற இடங்களின் குதிரையேற்றப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சுமப்பவை, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் மார்வாரி இனக் குதிரைகள், கடற்கரையில் சவாரி போகும் மட்டங்கள் என்று பலவகை உண்டு. எல்லாவற்றுக்கும் ஒருநாள் கால் இழுக்கத் தொடங்குகிறது.

இந்தக் கட்டுரை வந்து சேரும் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதிய குதிரையின் நொண்டலுக்கு ஊசி மருந்துக்கு முன்னால் தேவைப்படுவது, குளம்பை ஒழுங்காகச் சீவத் தெரிந்த கை. தமிழகத்தில் பெரிய குறையாக இருப்பதும் அதுதான்.

குறை இன்று நேற்று வந்ததல்ல. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஆளுக்கு ஆண்டுக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் அவர் சொல்லும் காரணத்தை ஒதுக்கிவிட முடியாது. குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர் இந்நாட்டில் இல்லை. குதிரை வைத்தியம் தெரிந்த லாடக்காரர்கள் இங்கே வந்துவிடாமல் அரபு வணிகர்களே தடுக்கிறார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம். சோற்றையும் இறைச்சியையும் சேர்த்து வேகவைத்துக் குதிரைக்குப் போட்டதாகவும் அவர் குறிப்பிடுகிறார். நரியைப் பரியாக்கிய திருவிளையாடலின் பின்னணியில் இருப்பதும், கப்பலில் வரும் குதிரைக்காக அரசன் கருவூலத்தையே திறந்துவிட்ட அந்தப் பாண்டிய நாடுதான்.

ஏட்டறிவுக்குப் பஞ்சமில்லை. சாலிஹோத்திரர் பெயரிலும் பாண்டவரில் நான்காமவனான நகுலன் பெயரிலும் வடமொழியில் குதிரை நூல்கள் வழங்கின. தஞ்சை மராட்டியர் அவற்றின் சுவடிகளைத் திரட்டி வைத்தார்கள். நகுலன் பெயரிலான அசுவ சாஸ்திரத்தைச் சரசுவதி மகால் நூலகம் 1952-இல் அச்சிட்டது. ஏட்டில் இருந்தது லாயத்துக்கு எவ்வளவு இறங்கியது என்பது வேறு விஷயம். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தைக்கு வருகிறவர்கள் நெற்றியிலும் கழுத்திலும் சுழி பார்க்கிறார்கள், உதட்டை விலக்கிப் பல் பார்க்கிறார்கள். காலைத் தூக்கி அடிக்குளம்பைப் பார்த்து விலை பேசுகிறவர் குறைவு. குதிரையின் மீதி ஆயுளைச் சொல்லக்கூடியது அந்த அடிக்குளம்புதான்.

பதினைந்து வயதைத் தாண்டினால் குதிரைக்கு முதுமை தொடங்கிவிட்டது என்பது மருத்துவர்களின் பொதுக் கணக்கு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 25, 30 வரைகூட இருக்கும். அதாவது, நல்ல கையில் இருக்கும் குதிரை தன் ஆயுளில் ஏறக்குறைய பாதியை முதுமையில்தான் கழிக்கிறது. அத்தனை ஆண்டுகளையும் ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் நடக்கும்’ என்ற ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவது பெரிய அநியாயம். முதுமை நோயல்ல, நொண்டலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு வலி இருக்கிறது, அந்த வலிக்கு ஓர் இடம் இருக்கிறது.

நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள். குதிரையின் பக்கம் நின்று பார்த்தால் இந்தப் பழமொழி தலைகீழாக இருக்கிறது. குதிரை சாக்கு சொல்லும் பிராணி இல்லை. வலியை மறைக்கும் பிராணி. வேட்டை விலங்குக்கு இரையாகிவிடாமல் கூட்டத்தோடு ஓடிப் பிழைத்த இனம் அது. தளர்ச்சியைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது அதன் பிறவிக் குணம். இங்கிலாந்தைச் சேர்ந்த குதிரை எலும்பியல் மருத்துவர் சூ டைசன், சவாரியின்போது வலியைக் காட்டிக்கொடுக்கும் 24 நடத்தைகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்டார். காதைப் பின்னால் மடக்குவது, வாலை அடித்துக்கொண்டே இருப்பது, வாயைத் திறந்து கடிவாளத்தோடு மல்லுக்கட்டுவது, தலையை உதறுவது, உதைத்தும் நகராமல் நிற்பது எல்லாம் அதில் அடக்கம். எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர் கண்டது. நம் ஊரில் ‘முரடு’, ‘திமிர்’, ‘சோம்பேறி’ என்று பெயர் வாங்கிச் சாட்டையடி படும் கிழக்குதிரைகளில் எத்தனை வலியோடு நின்றிருக்கும்!

வலி எந்தக் காலில் என்று கண்டுபிடிக்க, கெட்டியான சமதரையும் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு கூட ஓட ஓர் ஆளும் போதும். நடையில் மறைவது டிராட் என்னும் சிறு ஓட்டத்தில் வெளிப்பட்டுவிடும். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் ஊன்றும் நொடியில் தலை மேலே எழும்பும், நல்ல கால் ஊன்றும்போது தாழும். தாழ்வதைப் பார்த்து அந்தக் கால்தான் நொண்டி என்று நினைத்துவிடுவது புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சகஜம். உண்மை நேர் எதிர். பின்னங்கால் வலி இடுப்பில் தெரியும். வலிக்கும் பக்கத்து இடுப்பெலும்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். கண்ணுக்குப் பிடிபடாதது சில சமயம் காதுக்குப் பிடிபடும்: கருங்கல் பாவிய தரையில் குளம்பொலி சீராக விழாமல் ஒரு காலுக்கு மட்டும் அமுங்கி ஒலிக்கும். இரண்டு முன்னங்கால்களும் சமமாக வலித்தால் மட்டும் ஏமாந்துவிடுவோம். தலை ஆடாது. எட்டு வைப்பது குறுகிப்போகும், திருப்பத்தில் தயங்கும், இறக்கத்தில் இறங்க யோசிக்கும். முதிய குதிரைகளில் இதுதான் அதிகம்.

குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு முன்னங்கால்களில் இறங்குகிறது. முன்னங்கால் நொண்டலில் பெரும்பகுதி குளம்புக்குள்ளேயே தொடங்குவதால், தோளைப் பிடித்து எண்ணெய் தேய்ப்பதற்கு முன்னால் குளம்பைத் தூக்கிப் பார்ப்பதுதான் முறை.

குளம்பு என்று வெளியே தெரிவது ஓடு. அதற்குள் ஒரு சிறு எலும்பு இருக்கிறது. முழுக் குதிரையும் அந்த எலும்பின் மேல்தான் நிற்கிறது. ஒரு புத்தகத்தின் தாள்களுக்கு இடையில் இன்னொரு புத்தகத்தின் தாள்களைச் செருகியதுபோல, எலும்பைச் சுற்றிய சவ்வு மடிப்புகளும் ஓட்டின் உள்பக்க மடிப்புகளும் நூற்றுக்கணக்கில் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கின்றன. அந்தப் பிடிப்புதான் எலும்பைத் தாங்குகிறது. அடிப்பக்கத்தில், குதியிலிருந்து முன்னோக்கிக் கூர்ந்து வரும் முக்கோண வடிவத்தில் மெத்தென்ற ஒரு பகுதி இருக்கும். லாயத்தில் அதை ஃபிராக் என்றே சொல்கிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் அது அமுங்கி விரிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது, ரத்த ஓட்டத்துக்கும் துணை செய்கிறது.

ஓடு மாதத்துக்கு ஏறக்குறைய ஆறு முதல் பத்து மில்லிமீட்டர் வரை வளரும். மேல் விளிம்பில் இன்று முளைப்பது முன்நுனிக்கு வந்து சேர ஓராண்டு பிடிக்கலாம். ஆகவே இந்த ஆண்டு குளம்பில் தெரிவது, போன ஆண்டின் தீனியும் பராமரிப்பும்தான். காட்டில் மைல் கணக்கில் அலையும் குதிரைக்குத் தேய்ந்து சரியாகிவிடும். கட்டுத்தறிக் குதிரைக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவியாக வேண்டும். நாள் தள்ளிப்போனால் முன்நுனி நீண்டுகொண்டே போகும், குதிகால் முன்னோக்கிச் சரிந்து தாழும். அடியெடுக்கும்போது அந்த நீண்ட நுனியைத் தாண்டிப் புரள வேண்டியிருப்பதால், கணுக்காலுக்குப் பின்னால் ஓடும் நாண்கள் ஒவ்வோர் அடிக்கும் வழக்கத்துக்கு மேல் இழுபடுகின்றன. வருடக்கணக்கில் இப்படியே ஓடிய கால்தான் பதினாறு வயதில் ‘திடீரென்று’ நொண்டுகிறது. பந்தயத்திலிருந்து வந்த தரோபிரெட் குதிரைகளுக்கு ஓடும் அடித்தோலும் மெல்லியவை. குளம்பைப் பார்த்து வைத்திருக்காவிட்டால் கருங்கல் சல்லியில் நான்கு எட்டுக்கூட வைக்கக் கூசும்.

மாட்டுக்கு லாடம் கட்டுகிறவர்கள் வட மாவட்டங்களில் அருகிவந்தாலும் இன்னும் இருக்கிறார்கள். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, காலைச் சேர்த்துக் கட்டி, பிளந்த குளம்பின் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு தகடாக மொத்தம் எட்டு லாடம் அடிப்பார்கள். குதிரை வேலை வேறு. குதிரை நின்றபடி இருக்கும். லாடக்காரர் அதன் முன்னங்காலை மடக்கித் தன் முழங்கால்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு, முதலில் கொக்கியால் ஃபிராக்கின் இருபக்கச் சந்துகளிலும் அடைந்திருக்கும் சாணியையும் கல்லையும் குதியிலிருந்து நுனி நோக்கிக் கிளறி எடுப்பார். வளைந்த கத்தியால் செத்த தோலை மெல்லிய சுருளாகச் சீவுவார். குறட்டால் ஓட்டின் விளிம்பை நறுக்கி, அகலமான அரத்தால் மட்டம் பார்த்துத் தேய்ப்பார். லாடம் வைத்தால், ஓட்டுக்கும் அடித்தோலுக்கும் இடையில் ஓடும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, உணர்ச்சியில்லாத ஓட்டில் மட்டும் ஆணி ஏற வேண்டும். ஒரு நூல் உள்ளே போனால் உயிரில் குத்தும். அடுத்த இரண்டு நாளில் குதிரை அந்தக் காலை ஊன்றாது. மாட்டு லாடத்தில் கை பழகியவரைக் கூப்பிட்டுக் குதிரைக்கும் அடிக்கச் சொல்வதில் உள்ள அபாயம் இதுதான். அவர் கைக்கு வேலை தெரியும். குதிரைக் குளம்பின் கணக்கை யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

செஞ்சி மண்ணும் குதிரைக் காலுக்கு இரக்கம் காட்டுவதில்லை. குன்றெல்லாம் கருங்கல், அடிவாரமெல்லாம் கூரிய சரளை, வேலியோரமெல்லாம் சீமைக்கருவேல முள். தக்காணத்தில் பிறந்த மராட்டியரின் பீமத்தடி மட்டங்கள் கெட்டிக் குளம்புக்குப் பேர்போனவை. இந்தப் பாறைக்கு அவை தாங்கின. கோடையில் ஓடு காய்ந்து கீறல் விடும். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கினால், அதே குளம்பு நாள் முழுக்க மூத்திரமும் சேறும் கலந்த தரையில் ஊறும். காய்வதும் ஊறுவதும் மாறி மாறி வருவதுதான் கெடுதல். கீறல் வழியாகக் கிருமி உள்ளே போகிறது, ஃபிராக் கறுத்து அழுகி நாற்றமடிக்கிறது. இந்த அழுகலுக்கு மயில்துத்தக் கரைசலைப் பழைய ஆட்களும் பயன்படுத்தினார்கள், இன்றைய மருத்துவர்களும் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் உலர்ந்த தரையும் தினசரிச் சுத்தமும் இல்லாத இடத்தில் எந்தத் துத்தமும் நிற்காது.

நேற்று நன்றாக நடந்த குதிரை இன்று காலை மூன்று காலில் நின்றால், கால் ஒடிந்துவிட்டது என்று பதறுவார்கள். பெரும்பாலும் குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கும். முள்ளோ ஆணியோ சிறு கல்லோ ஏறிய தடத்தில் சீழ் சேர்ந்து, விரிய இடமில்லாத ஓட்டுக்குள் அழுத்துகிறது. இடுக்கியால் குளம்பைச் சுற்றி அழுத்தி வலிக்கும் புள்ளியைக் கண்டுபிடித்து, சிறு துளை வழியாகச் சீழை வடியவிட்டால் அன்றே பாதி வலி போய்விடும். ஆணி குத்தியிருப்பது தெரிந்தால், மருத்துவர் வர நேரமாகாது என்றால், அதைப் பிடுங்காமல் விடுவது நல்லது. எந்தத் திசையில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை எக்ஸ்ரேயில் அதுவே காட்டும். டெட்டனஸ் கிருமி குதிரையைத் தாக்கும் வேகத்தில் வேறு வீட்டு விலங்கைத் தாக்குவதில்லை. அதற்கான தடுப்பூசி போடாத குதிரையை முள்காட்டில் நடக்கவிடுவதைப் பொறுப்பின்மை என்றே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது லாமினைட்டிஸ். மேலே சொன்ன அந்த மடிப்புகளின் பிடிப்பு வீங்கித் தளர்ந்து விட்டுப்போவது. பிடிப்பு விட்டால் குதிரையின் எடையே எலும்பைக் கீழ்நோக்கித் திருப்பி அடித்தோலை நோக்கித் தள்ளுகிறது. 1973-இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற செக்ரடேரியட், 1989-இல் தன் பத்தொன்பதாம் வயதில் இந்த நோயால்தான் கருணைக்கொலைக்கு ஆளானது. 2006-இல் காலொடிந்த பார்பரோவுக்கு எலும்பைச் சேர்த்துவைத்தார்கள். ஆனால் மற்றக் கால்கள் சுமை தாங்கித் தாங்கி லாமினைட்டிஸ் வர, 2007 ஜனவரியில் அதையும் இழந்தார்கள். உலகின் தலைசிறந்த மருத்துவமனை பக்கத்திலிருந்தும் நடந்தது இது.

முதிய குதிரைக்கு இந்த நோய் பெரும்பாலும் பின்வாசல் வழியாக வருகிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி வயதானபின் கட்டுமீறிச் சுரப்பதால் வரும் கோளாறு ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆய்வில், 15 வயதைக் கடந்த குதிரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு அது இருந்தது. இந்தக் கோளாறு உள்ள பல குதிரைகளுக்கு இன்சுலின் அளவு கூடும், கூடிய இன்சுலின் குளம்பைத் தாக்கும். வெளி அடையாளம் மயிர்: உதிராமல் நீண்டு சுருண்டு வளரும். குளிர்நாட்டில் இதைக் குளிர்கால மயிர் என்று விட்டுவிடுவார்கள். சித்திரை வெயிலில் செஞ்சியில் ஒரு குதிரை கம்பளி போர்த்தியதுபோல நின்றால் காரணம் தேட வேண்டும். முதுகுச் சதை வற்றுவதும், அடிக்கடி தண்ணீர் குடிப்பதும், தொடர்ந்து குளம்பில் சீழ் கட்டுவதும் கூடவே வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம், பெர்கோலைடு என்ற மருந்தால் கட்டுப்படுத்தலாம்.

லாமினைட்டிஸ் வந்த குதிரை நிற்கும் விதமே சொல்லிவிடும். முன்னங்கால்களை முன்னே நீட்டி, எடையைப் பின்னங்கால்களுக்குத் தள்ளி, நகர மனமில்லாமல் நிற்கும். குளம்பு சுடும். கணுக்காலுக்குப் பின்னால் இருபக்கமும் விரல் வைத்தால், வழக்கமாகத் தேடிப் பிடிக்க வேண்டிய நாடி, விரலை அடித்துக்கொண்டு துடிக்கும். அப்போது நடத்திப் பார்க்கக் கூடாது. மருத்துவர் வரும்வரை முழங்காலுக்குக் கீழே ஐஸ் தண்ணீரில் நிறுத்த வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் இடைவிடாத குளிர்ச்சி மடிப்புகளைக் காப்பாற்றும். மீன்காரர்களுக்கு ஐஸ் கிடைக்கும் ஊரில் இது முடியாத காரியம் இல்லை.

தீனியைப் பேசாமல் குளம்பைப் பேச முடியாது. வெல்லமும் சோறும் அன்பின் அடையாளமாகக் குதிரைக்கு ஊட்டப்படுகின்றன. இன்சுலின் கோளாறுள்ள கிழக்குதிரைக்கு அது விஷத்துக்குச் சமம். அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத கெடுதல் தவிட்டில் இருக்கிறது. கோதுமைத் தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைவிட பாஸ்பரஸ் எட்டுப் பத்து மடங்கு அதிகம். அரிசித் தவிட்டில் இன்னும் மோசம். குதிரைக்குத் தேவையோ சுண்ணாம்பு மிகுந்த விகிதம். அதோடு பால்மாட்டுக்காகப் பரவலாகப் பயிராகும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் ஆக்சலேட் கூடுதல். இருக்கிற சுண்ணாம்பையும் அது குடலிலேயே கட்டிப்போடுகிறது. மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி போதாது. ரத்தத்துக்குத் தேவையான சுண்ணாம்பை உடம்பு எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்க, எலும்பு மெலிந்து, இன்றைக்கு இந்தக் கால், நாளைக்கு அந்தக் கால் என்று இடம் மாறும் நொண்டல் வரும். முற்றினால் முகத்தெலும்பு புடைக்கும். தவிடும் நேப்பியருமாக மாட்டுத் தீனியையே குதிரைக்கும் போடுகிற வீடுகளில் மருத்துவர் காலை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் இது பிடிபடாது.

மாற்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. குதிரை மசால் சுண்ணாம்புச் சத்து நிறைந்தது. செஞ்சி, திண்டிவனம் பக்கம் மணிலா என்னும் நிலக்கடலை பயிராகும் பூமி; பூஞ்சை பிடிக்காமல் காயவைத்த மணிலாக் கொடி, அளவோடு, நல்ல தீனி. அறுகு போன்ற மெல்லிய புற்களைக் காயவைத்துப் போடுவது நேப்பியரைவிட மேல். கொள்ளு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஓடாத கிழக்குதிரைக்குப் பந்தயக் குதிரையின் படி வேண்டாம், அவ்வளவுதான்.

மூட்டுத் தேய்மானம் முதிய குதிரைகளில் அநேகமாக எல்லாவற்றுக்கும் ஓரளவு இருக்கும். கணுக்காலுக்குக் கீழே எலும்பு முளைத்து வளையமாகப் புடைப்பதும், பின்னங்காலின் நடுமூட்டு இறுகுவதும், குதிகாலுக்குள் நாவிகுலர் என்னும் சிற்றெலும்பைச் சுற்றி வலிப்பதும் இதில் சேரும். எங்கே வலி என்று உறுதிசெய்ய, நரம்பருகே மரத்துப்போகும் ஊசி போட்டு மறுபடி ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். நொண்டல் மறைந்தால் மரத்த இடத்துக்குள்தான் வலி. குதிகால் வலிக்கு நுனியைக் குறுக்கி விளிம்பை உருட்டி லாடம் வைப்பது பெரிய நிவாரணம். இங்கேயும் முதல் மருந்து அரமும் லாடமும்தான். மூட்டு வலிக்காரக் குதிரையைக் கட்டிப்போடுவது தவறு; மெதுவாக, தினமும், மெத்தென்ற தரையில், முதல் பத்துப் பதினைந்து நிமிடம் நடையாகவே விட்டு உடம்பைச் சூடேற்றி நடத்த வேண்டும். லாமினைட்டிஸ் குதிரையை நிறுத்திவைக்க வேண்டும். இரண்டும் நேர் எதிர். நோயைச் சரியாகக் கண்டறியாமல் ‘ஓய்வு கொடுங்கள்’ என்பதோ ‘நடத்துங்கள்’ என்பதோ பாதிக் குதிரைகளைக் கெடுக்கும்.

வலி மருந்தில் இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. ஃபீனைல்பியூட்டசோன் குதிரை உலகின் பழைய துணை. நாள்கணக்கில் அளவு மீறினால் வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கேடும் வரும். டைக்ளோஃபெனாக் கால்நடைக்கு 2006-இலேயே தடைசெய்யப்பட்டது, ஏனென்றால் அந்த மருந்து ஏறிய பிணத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. 2023-இல் கீட்டோபுரோஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் அந்தத் தடையில் சேர்ந்தன. மெலாக்சிகாம் கழுகுகளுக்குத் தீங்கில்லாதது. மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகளை நினைத்தாவது, மனிதர்க்கு விற்கும் டைக்ளோஃபெனாக் ஊசியைக் கடையில் வாங்கிக் குதிரைக்குப் போடும் பழக்கம் நிற்க வேண்டும்.

நொண்டும் குதிரையில் ஏறுவது சட்டப்படியும் குற்றம். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவு, நோயாலோ முதுமையாலோ காயத்தாலோ தகுதியற்ற விலங்கை வேலை வாங்குவதை வதை என்கிறது. முதல் தடவைக்கான அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். எழுதப்பட்ட காலத்தோடு அது உறைந்து நிற்கிறது. 1965-இன் விதிகள் மட்டக்குதிரைக்குச் சுமை வரம்பை 70 கிலோ என்கின்றன; 37 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் பகல் 12 முதல் 3 வரை வேலை வாங்கக் கூடாது என்கின்றன. கோடைச் செஞ்சியில் அந்த வெயில் அபூர்வம் இல்லை. சவாரிக் குதிரைக்கு, சேணத்தையும் சேர்த்து அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பது பரவலான கணக்கு. 400 கிலோ மார்வாரிக்கு 80 கிலோ. மூட்டு தேய்ந்த கிழக்குதிரைக்கு அதுவும் அதிகம்.

எல்லாம் செய்தும் சில கால்கள் திரும்பாது. எலும்பு அடித்தோலைத் துளைத்து வெளியே வந்த குதிரையை மாதக்கணக்கில் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது பாசம் ஆகாது. மீள முடியாத வேதனையில் இருக்கும் விலங்கின் துன்பத்தை முடிக்கச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இடம் தருகிறது. மருத்துவர் முன்னிலையில், மயக்க ஊசியோடு, வலியில்லாமல் அதைச் செய்ய வேண்டும். அதைச் செய்ய மனம் வராமல் ரோட்டில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஊட்டியில் சவாரிக்கு உதவாமல் போன குதிரைகள் குப்பைத் தொட்டியில் பிளாஸ்டிக்கைத் தின்று அலைவது பல ஆண்டு அவலம். மசினகுடி அருகே மாவனல்லாவில் உள்ள ஐபேன் காப்பகம் போன்ற இடங்கள் அப்படிப்பட்ட சிலவற்றை ஏற்றுக்கொள்கின்றன. அவையும் எத்தனைதான் தாங்கும்?

செஞ்சிக்குப் பக்கத்துக் கால்நடை மருத்துவக் கல்லூரி புதுச்சேரி குரும்பாப்பட்டில், எழுபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரி அதற்கும் அப்பால். நல்ல மருத்துவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ எழுபது கிலோமீட்டர் குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு யாரும் போக மாட்டார்கள். வட மாநிலங்களில் புரூக் இந்தியா அமைப்பு உள்ளூர் லாடக்காரர்களுக்குப் பயிற்சி தருகிறது. இங்கும் மாட்டுக்கு லாடம் கட்டும் கைகளைத் தேடிப் பிடித்து, குதிரைக் குளம்பின் கணக்கைக் கற்றுக்கொடுக்கும் ஒரு பயிற்சியைக் கால்நடைப் பராமரிப்புத் துறையும் கல்லூரிகளும் சேர்ந்து தொடங்க வேண்டும். அதுவரை, குதிரை வைத்திருக்கும் ஐந்தாறு பேர் சேர்ந்து, போக்குவரத்துச் செலவைப் பங்கிட்டுக்கொண்டு, தேர்ந்த லாடக்காரர் ஒருவரை ஆறு வாரத்துக்கு ஒரு நாள் ஊருக்கு வரவழைத்தாலே போதும். அடுத்த முறை அந்தியூர்ச் சந்தைக்குப் போகிறவர்கள், சுழி பார்த்து முடித்ததும் நான்கு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.